கால்சியம் என்று எழுதிய பாட்டில்

முதலில் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழிக் கிறுக்கலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம்தான். என் மனைவி பத்தாவது வரை படித்தவள். அவள் பிழை பார்த்துத் தருவதாகச் சொன்னதால் தைரியமாக எழுதுகிறேன். அதையும் மீறித் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அதிகம் பேசாதவன். பஸ்ஸில் என் நிறுத்தம் வந்தால்கூட "இறங்கணும்" என்று சத்தம் போடக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்ப நடந்து வந்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் ஒரு நாள், ஆஸ்பத்திரியில் பத்துப் பேர் காதில் விழும்படி ஐந்து வார்த்தை பேசினேன். அந்த ஐந்து வார்த்தையால்தான் இன்று இதை எழுத உயிரோடு இருக்கிறேன். இப்போது நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில்.

எங்கள் வீடு பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில். மண்ணூர்பேட்டையில் ஒரு பிரஸ் ஷாப்பில் எனக்கு வேலை. இரும்புத் தகட்டை மெஷினுக்குள் தள்ளி, காலால் பெடலை மிதித்தால், மேலிருந்து அச்சு இறங்கி ஒரு வாஷர் வெட்டி விழும். இருபத்திரண்டு வருஷமாக அதுதான். பத்து விரலும் முழுசாக இருக்கிற பழைய ஆள் எங்கள் ஷாப்பில் நான் ஒருவன்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

ஒன்பது வருஷமாக எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. எப்படி வந்தது என்பதை நானும் என் மனைவியும் பேசி, அழுது, முடித்துவிட்டோம். அவளுக்கு இல்லை. எனக்கு இருப்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு சத்தியம். "ஒரு நாள்கூட மாத்திரைய உடக் கூடாது. அதோட மீதி எல்லாத்தையும் நான் மறந்துடறேன்."

மாதம் ஒரு முறை அரசாங்க மையத்துக்குப் போவேன். முப்பது மாத்திரை உள்ள பாட்டில் ஒன்று தருவார்கள். வெளியே வந்ததும் பஸ் நிறுத்தத்துக்கு முன்னால் ஒரு வேப்பமரம் இருக்கிறது. அங்கே நின்று பார்த்தால் எங்கள் ஆட்கள் யார் யார் என்று தெரிந்துவிடும். எல்லோரும் மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டு நகத்தால் பாட்டில் மேலுள்ள தாளைச் சுரண்டிக்கொண்டிருப்பார்கள். சிலர் வேறு டப்பாவுக்கு மாற்றுவார்கள். பஸ்ஸில் மாத்திரை குலுங்கிச் சத்தம் வராமல் இருக்க உள்ளே பஞ்சு வைப்பார்கள். யாரும் யாரையும் பார்க்க மாட்டோம்.

நான் அவர்களைவிடக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். என் மனைவிக்குக் கை கால் குடைச்சலுக்கு வாங்கிய கால்சியம் மாத்திரையின் காலி பாட்டில் ஒன்று வீட்டில் இருந்தது. அதுவும் வெள்ளை, நீள மாத்திரை. என்னுடையதும் வெள்ளை, நீளம். மாதாமாதம் என் மாத்திரையை அதில் கொட்டி, மேலே பஞ்சு வைத்து மூடி, ஒளிக்காமல் பிரிட்ஜ் மேலேயே வைத்துவிட்டேன். வருகிறவர் போகிறவர் கண்ணில் பட்டாலும் கால்சியம்தானே! எட்டு வருஷம் ஒருவரும் சந்தேகப்படவில்லை.

என் மனைவியின் தம்பி ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. பிரிட்ஜ் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்து, டி.வி.யைப் பார்த்துக்கொண்டே கறிக்குழம்பில் முக்கால் பங்கைக் காலி செய்வான். பேச்சு மட்டும் நிற்காது. நான் ஒரு வாரத்தில் பேசுவதை அவன் ஒரு சாப்பாட்டில் பேசிவிடுவான்.

போன வருஷம் சித்திரைக்குப் பிறகுதான் அந்த விசித்திரம் தொடங்கியது. என் மாத்திரை மாதம் முடிவதற்குள் தீர்ந்துபோனது. ஒரு வாரத்துக்கு மேல் பற்றாக்குறை. மறதியில் ஒரே நாளில் இரண்டு போட்டுக்கொள்கிறேனோ என்று, காலண்டரில் தினமும் பேனாவால் புள்ளி வைத்தேன். புள்ளி சரியாக இருந்தது, மாத்திரை சரியாக இல்லை. எலி தூக்கிப் போகிறதா என்று பிரிட்ஜுக்குப் பின்னால் டார்ச் அடித்துக்கூடப் பார்த்தேன்.

மையத்தில் போய்ச் சொல்லியிருக்கலாம். "தீர்ந்துபோச்சு, இன்னும் கொஞ்சம் குடுங்க" என்று கேட்க எத்தனை வார்த்தை வேண்டும்? அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "மாத்திரைய என்ன பண்ணீங்க?" என்று கேட்டால் என்ன சொல்வேன்? மனைவியிடமும் சொல்லவில்லை. சத்தியத்தை மீறிவிட்டேன் என்று நினைத்துவிடுவாள். மையத்தில் ஒவ்வொரு மாதமும் "மீதி இருக்கா?" என்று கேட்பார்கள். "இல்லை" என்பேன். "வெரி குட், இப்படித்தான் இருக்கணும்" என்பார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவேன். ஒவ்வொரு மாதமும் கடைசி எட்டு நாள் மாத்திரை இல்லாமல் ஓட்டினேன். ஒன்றும் ஆகவில்லையே என்றும் நினைத்தேன்.

ஐப்பசி மாத மழையில் ஒரு புதன்கிழமை. பெடலில் கால் வைத்தபோது கால் ஆடியது. பிறகு தாடை ஆடியது. பல்லோடு பல் அடித்துக்கொண்டது. இந்த ஆட்டத்தோடு மெஷினில் கை வைத்தால் விரல் போய்விடும் என்று எனக்கே தெரிந்து எழுந்துவிட்டேன். வழியில் மருந்துக்கடையில் "ஜுரத்துக்கு ஒரு செட்" என்றேன். மூன்று நிற மாத்திரையைக் காகிதத்தில் மடித்துத் தந்தார்கள். எங்கள் தொழிற்பேட்டை ஆட்களுக்கு டாக்டர் என்றால் அந்தக் காகிதப் பொட்டலம்தான். ராத்திரி ஒன்று, காலையில் ஒன்று போட்டுப் படுத்தேன். வியாழக்கிழமை மதியம் மூச்சை உள்ளே இழுத்தால் வலது விலாவில் கத்தி போல் குத்தியது. இருமித் துப்பினேன். மழையில் நனைந்த தகட்டிலிருந்து வடியும் தண்ணீர் போலத் துரு நிறத்தில் இருந்தது. இரும்போடு இத்தனை வருஷம் இருந்ததில் எனக்குள்ளேயே துரு பிடித்துவிட்டதா என்று ஒரு கிறுக்கு நினைப்பு வந்தது.

மனைவிக்குப் போன் போட்டேன். அவள் செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு குடோனில் பார்சல் பிரிக்கும் வேலையில் இருக்கிறாள். உள்ளே போகும்போதே போனை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேறு வழியில்லாமல் மச்சானைக் கூப்பிட்டேன். பேச முடியவில்லை. மூச்சுச் சத்தத்தைக் கேட்டே வந்துவிட்டான்.

வாசலில் ஷேர் ஆட்டோ. உள்ளே ஐந்து பேர்.

"எறங்குமா, எறங்கு நைனா! எங்க மாமாவுக்கு மூச்சு வாங்குது. காசு வாணாம், எறங்கு சீக்கிரம்!"

"டிரைவரே, மழை பெய்யுதுப்பா," என்று ஒரு அம்மா சொன்னது கேட்டது.

"மழைல நனைஞ்சா தொவட்டிக்கலாம்மா. எங்க அக்காவுக்கு இன்னா பதில் சொல்றது நானு?"

என்னைத் தூக்கி வைத்தான். மறுபடி உள்ளே ஓடி, பிரிட்ஜ் மேலிருந்த கால்சியம் பாட்டிலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். "டாக்டர்ங்க இன்னா மாத்திரை சாப்புடறன்னு கேப்பாங்க மாமா. நம்ம கைல ரெடியா இருக்கணும்." கெட்டிக்காரன் என்று நானே நினைத்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் விரலில் ஒரு கிளிப் மாட்டினார்கள். அதிலிருந்த எண்ணைப் பார்த்ததும் நர்ஸ் அம்மாவின் நடை வேகமானது. முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க் வந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். சின்ன வயசு டாக்டர் அம்மா ஒருவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். வலது பக்கம் கீழே பாதி வெள்ளையாக இருந்தது.

"கடுமையான நிமோனியா. ரத்தம் எடுத்து கிருமி வளருதான்னு பாக்கணும், அதுக்கு ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் அனுமானத்துலதான் ஊசி போடணும். அதனால கேக்குறதுக்கு எல்லாம் சரியா பதில் சொல்லுங்க. சுகர் இருக்கா? பி.பி.? ஏற்கெனவே ஏதாவது நோய்க்கு மாத்திரை சாப்பிடுறீங்களா?"

எனக்குப் பேச வாய்ப்புக் கிடைத்தது அப்போதுதான். மச்சான் பக்கத்தில் நிற்கிறான். அவனுக்குத் தெரிந்தால் ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை தெரியும் என்று நினைத்தேன். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டேன்.

"இன்னா மாமா இல்லன்றே?" மச்சான் பாட்டிலை எடுத்து நீட்டினான். "கால்சியம் போடறாரு மேடம். தெனமும். தப்பே இல்லாத ஆளு, பீடி கூடக் கெடையாது. சூப்பர் மாத்திர மேடம் இது. பிரேக் மெரிச்சு மெரிச்சு எனக்கு இந்த முட்டி போயிட்டிருந்துச்சு. ஞாயித்துக்கெழம அக்கா ஊட்டுக்குப் போம்போது ரெண்டு எடுத்துப் போட்டுகினு வந்துடுவேன். சித்திரைலர்ந்து. இப்ப முட்டி கல்லு மாதிரி கீது!"

அந்த ஜுரத்திலும் எனக்குள் கணக்கு ஓடியது. ஞாயிறுக்கு இரண்டு. மாதத்தில் நான்கு ஞாயிறு. எட்டு.

எட்டு நாள்!

எலி இல்லை. மறதி இல்லை. பிரிட்ஜ் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்து கறிக்குழம்பு சாப்பிட்ட என் மச்சான்! எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க மூச்சு இல்லை. விலா பிய்ந்துவிடும் போல வலித்தது. டாக்டர் அம்மா பாட்டிலைப் பார்த்து "கால்சியம்" என்று எழுதப் போனார். அந்தப் பேனா முனை தாளைத் தொடுவதைப் பார்த்தேன். அவர் அதை எழுதிவிட்டால் எனக்கான ஊசியும் கால்சியம் போடுகிற ஆளுக்கான ஊசிதான். இந்தப் பொய்யை இனி வேறு யாரும் திருத்தப் போவதில்லை. நான்தான் ஒட்டினேன், நான்தான் கிழிக்க வேண்டும்.

மாஸ்க்கை இழுத்துக் கீழே இறக்கினேன். நர்ஸ் அம்மா "ஐயா, கழட்டாதீங்க!" என்று ஓடி வந்தார்.

"அது கால்சியம் இல்ல. எச்.ஐ.வி. மாத்திரை."

பிரஸ் ஷாப்பில் கத்திக் கத்திப் பேசுவோர் நடுவே இருபத்திரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்த என் தொண்டையில் இவ்வளவு சத்தம் இருந்தது எனக்கே தெரியாது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பினார்கள். அந்தக் கணம் நான் செத்துப்போய்விடுவேன் என்று ஒன்பது வருஷமாக நினைத்திருந்தேன். சாகவில்லை. மாறாக, மெஷினில் மாட்டிக்கொண்ட தகடு சட்டென்று விடுபட்டதுபோல உள்ளே ஏதோ விலகியது.

டாக்டர் அம்மா முகம் மாறவில்லை. பேனாவை மட்டும் நிறுத்தினார். "ஒழுங்கா போடுறீங்களா?"

"மாசத்துல எட்டு நாள் இல்லம்மா. கொறையும்." கையை மட்டும் தூக்கி மச்சானைக் காட்டினேன். மருந்துக்கடை செட் மாத்திரை போட்டதையும் சொன்னேன். ஆரம்பித்த பிறகு எல்லாம் வந்தது.

அவர் எழுந்து நின்றுவிட்டார். வேகவேகமாகச் சொன்னார், ஒருவர் ரத்தம் எடுக்க, ஒருவர் சளி எடுக்க, ஒருவர் மையத்துக்குப் போன் போட. "நல்ல நேரத்துல சொன்னீங்கய்யா. இப்ப என்னென்ன தேடணும்னு எனக்குத் தெரியும்," என்றார். இரண்டு சின்னப் பாட்டிலில் என் ரத்தத்தை விட்டார்கள். கிருமி தின்று வளர அதற்குள் தீனி இருக்கிறதாம். உடனே ஊசி ஏறத் தொடங்கியது.

மச்சான் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தரையைப் பார்த்தபடி மெல்லக் கேட்டான்.

"மேடம்... அப்ப எனக்கு?"

"உங்களுக்கு என்ன?"

"நானும் தின்னேனே மேடம். ஆறு மாசமா. எனக்கும் வந்துடுச்சா?"

"மாத்திரை சாப்பிட்டா எச்.ஐ.வி. வராதுங்க. அது அதை அடக்குற மருந்து. ஆனா அடுத்தவங்க மருந்தை எடுத்துச் சாப்பிட்டது பெரிய தப்பு. உங்க ரத்தத்தையும் பாத்துடுவோம், கிட்னி நல்லா இருக்கான்னு."

"சரிங்க மேடம்." சிறிது யோசித்தான். "ஆனா மேடம், முட்டி வலி நெஜமாவே கொறஞ்சிச்சே!"

நர்ஸ் அம்மா திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்குவதை வைத்துச் சிரிக்கிறார் என்று தெரிந்தது. பிறகு மச்சான் எழுந்து, என்னைப் பார்க்காமல் வெளியே போனான். போனவன் வரவில்லை. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசியைவிட அதுதான் குத்தியது.

சாயங்காலம் மனைவி குடோன் சட்டையோடு ஓடி வந்தாள். அவள் பின்னால் அவன். ஷிப்ட் முடியும் வரை குடோன் வாசலில் மழையில் நின்று அவளைக் கூட்டி வந்திருக்கிறான். கண் சிவந்திருந்தது. என் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு திட்டத் தொடங்கினான்.

"யோவ் மாமா, உனக்கு அறிவு கீதா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அதத் தொட்டுருப்பேனா? உன் உசுரையில்ல நான் ரெண்டு ரெண்டா முழுங்கிகினு இருந்துருக்கேன்! நான் இன்னா ஊரெல்லாம் சொல்லிருவேன்னு நெனச்சியா?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். ஒரு கணம் முறைத்தான். பிறகு, "சரி, சொல்லியிருப்பேன்தான். ஆனா இத சொல்ல மாட்டேன்யா," என்றான். என் மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு என் பக்கம் குனிந்து, "கொறைஞ்சதுன்னா என்கிட்ட சொல்லலாம்ல? சத்தியம் உன்னப் பயமுறுத்தவா வாங்கினேன்?" என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் டாக்டர் அம்மா ஏறக்குறைய ஓடியே வந்தார். "வளர்ந்திருக்கு!" என்றார். யாருக்கோ குழந்தை பிறந்ததைச் சொல்வது போல இருந்தது அவர் குரல். செட் மாத்திரை போட்டிருந்ததால் வளராமல் போய்விடுமோ என்று பயந்திருந்தாராம். என்ன கிருமி என்று தெரிந்துவிட்டது, எந்த ஊசிக்கு அடங்கும் என்றும் தெரிந்துவிட்டது. அந்தக் கிருமி எத்தனையோ பேர் மூக்கிலும் தொண்டையிலும் சும்மா குடியிருக்குமாம். உடம்பில் எதிர்ப்பு குறைந்தால் நுரையீரலுக்குள் இறங்கி, அங்கிருந்து ரத்தத்துக்குள்ளேயே புகுந்துவிடுமாம். எனக்குப் புகுந்துவிட்டது. எட்டு எட்டு நாளாக நான் திறந்து வைத்த கதவு வழியாக.

எனக்கு ஒரு ஆசை வந்தது. கேட்க நா எழவில்லை. மச்சான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாமாவுக்கு அதப் பாக்கணுமாம் மேடம்," என்றான். டாக்டர் அம்மா தன் போனில் படம் காட்டினார். ஊதா நிறத்தில் இரட்டை இரட்டையாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. எங்கள் ஷாப்பில் ஒரே அடிக்கு இரண்டு துண்டு விழும் அச்சு ஒன்று உண்டு. அதில் விழும் ஜோடியைப் போலவே! இவ்வளவு சுத்தமான வேலைப்பாடு என்னைக் கொல்லவா வந்தது என்று வியந்து, போனைத் திருப்பித் தரவே மனசில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் ஜுரம் விட்டது. வேர்த்து ஊற்றியது. பசி வந்தது. இட்லி என்றேன். மச்சான் பன்னிரண்டு வாங்கி வந்தான், அதில் ஐந்து எனக்கு. மையத்திலிருந்து வந்த சிஸ்டர், "தீர்ந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா கையில குடுத்திருப்பேனேப்பா," என்று தலையில் அடித்துக்கொண்டார். வேறு பரிசோதனைகள் செய்து, மாத்திரையை மறுபடி ஒழுங்காக ஆரம்பித்தார்கள். உடம்பு தேறிய பிறகு அந்தக் கிருமி மறுபடி வராமல் இருக்கத் தடுப்பூசியும் போட்டார்கள். மச்சானின் ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை.

அடுத்த மாதம் மையத்திலிருந்து பாட்டிலோடு வந்தபோது வேப்பமரத்தடியில் பழக்கத்தில் நகம் தாளில் பட்டது. எடுத்துவிட்டேன். பஞ்சும் வைக்கவில்லை. பஸ்ஸில் ஆவடி வரை மடியில் அது சலசல என்று சத்தம் போட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் நிறுத்தம் வந்ததும் "எறங்கணும்!" என்று கத்தினேன். கண்டக்டர்தான் திடுக்கிட்டார்.

இப்போது அதே பிரிட்ஜ் மேலே, அதன் சொந்தப் பெயரோடு இருக்கிறது பாட்டில். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முன்னால் மச்சான் அதை ஒரு தட்டில் கொட்டி எண்ணுவான். அந்த வேலையை யாரும் அவனுக்குக் கொடுக்கவில்லை. சமீபத்தில் எடுத்த பரிசோதனையில் என் ரத்தத்தில் வைரஸ் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு அடங்கிவிட்டது என்று வந்தபோது, அந்தத் தாளை என்னைவிட அவன்தான் அதிக நேரம் வைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கென்று என் மனைவி நிஜமான கால்சியம் பாட்டில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள்.

இன்றைக்கும் எண்ணினான்.

"மாமா, காலண்டர் பிரகாரம் பதினேழு இருக்கணும்."

"எத்தனை இருக்கு?"

"பதினேழு கீது!" என்று கையைத் தட்டினான். பிறகு தன் பாட்டிலைத் திறந்து ஒன்றைப் போட்டுக்கொண்டு முட்டியைத் தடவினான். "இன்னா சொல்லு மாமா, இது வேலைக்கே ஆவல. உன்னுது தான் பவரு."

என் மனைவி கரண்டியை ஓங்கினாள். நான் சிரித்து முடித்துவிட்டு, ஒரு வருஷமாகத் தள்ளிப்போட்டதை இந்த நோட்டில் எழுதத் தொடங்கினேன்.

கார்த்திகை மாதம், மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை.